சொல்ல வேண்டிய மாற்றம் எது?

கைபேசியில் ஏதாவது ஒரு செயலி அப்டேட் ஆகும்போது அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கிடைப்பது ஒரே வாக்கியம்தான்: ‘பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது.’ போன மாதமும் அதே வாக்கியம். அடுத்த மாதமும் அதுவாகவே இருக்கும். அதில் பொய் இல்லை, ஆனால் செய்தியும் இல்லை. இடம் போதவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கூகுள் ப்ளே இந்தக் குறிப்புக்கு 500 எழுத்துகள் தருகிறது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 4,000 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. ஒரு புதிய பதிப்புக்குப் பின்னால் சில பத்திலிருந்து சில ஆயிரம் வரை சிறிதும் பெரிதுமான மாற்றங்கள் இருக்கும். அவற்றில் எதைப் பயனரிடம் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவுசெய்கிறார். அந்த முடிவிலிருந்து பிறப்பதுதான் வெளியீட்டுக் குறிப்பு. எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் செய்து முடிக்கும் எழுத்தர் வேலையாக இதைக் கருதுவோர் மென்பொருள் துறையில் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஒரு மென்பொருளை நம்பியிருப்பவர் தன் கையில் இருக்கும் பொருளைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அது. அந்தத் தீர்மானம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கடந்த பத்தாண்டுகளில் விலையுயர்ந்த பாடங்கள் பல கிடைத்திருக்கின்றன.

2017 ஜனவரி 23 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.2.1 பதிப்பை வெளியிட்டது. பிழைத்திருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளும் அடங்கியது என்பதே அப்போது வந்த குறிப்பின் சாரம். ஆனால் அந்தப் பதிப்புக்குள் இன்னொன்றும் இருந்தது. ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் பேட்டரி பழையதாகிவிட்டால், திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும் நொடியில் அதைத் தர முடியாமல் போன் தானாகவே அணைந்துவிடும். இதைத் தடுக்க, பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது. பாதிப் பேச்சில் அணைந்துபோகும் போனைவிடச் சற்று மெதுவாக ஓடும் போன் மேல் என்பதால், பொறியாளர் கண்ணுக்கு இது நியாயமான தீர்வுதான். பின்னர் அந்தக் குறிப்பில் சேர்க்கப்பட்ட வரியும், வேலைப்பளு உச்சத்தில் இருக்கும்போது மின் மேலாண்மை மேம்படுகிறது என்று சொன்னதே தவிர, வேகம் குறையும் என்று சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், கீக்பெஞ்ச் என்ற வேக அளவீட்டு மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தம்மிடம் சேர்ந்திருந்த அளவீடுகளை வெளியிட்ட பிறகே விஷயம் அம்பலமானது. டிசம்பர் 28 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 பதிப்பில் பேட்டரியின் நிலையைப் பயனரே பார்க்கும் வசதியைச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அடுத்த மாதம், அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கை முடித்துக்கொள்ள 50 கோடி டாலர் வரை தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

பிரான்ஸ் விதித்த அபராதத்தின் காரணம் கவனிக்கத்தக்கது. புதிய பதிப்பை நிறுவினால் போன் மெதுவாகலாம் என்பதை வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. அதாவது, நிரலில் எழுதியதற்காக அல்ல, குறிப்பில் எழுதாமல் விட்டதற்காகவே தண்டம். ‘பேட்டரி தளர்ந்திருந்தால் போனின் வேகம் குறையலாம், பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும்’ என்ற ஒரு வரி இருந்திருந்தால், புதுப் போன் வாங்குவதா, பேட்டரி மட்டும் மாற்றுவதா என்று யோசித்தவரின் கணக்கு வேறாக இருந்திருக்கும். ஒரு மாற்றம் குறிப்பில் இடம்பெற வேண்டுமா என்பதற்கான அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. மாற்றம் எவ்வளவு பெரியது, அதற்கு எத்தனை பேர் எத்தனை மாதம் உழைத்தார்கள் என்பவையெல்லாம் இரண்டாம்பட்சம். அதைத் தெரிந்துகொண்டவர் தெரியாதவரைவிட வேறுவிதமாக நடந்துகொள்வாரா? ஆம் என்றால் அது குறிப்பில் இருந்தாக வேண்டும். இல்லை என்றால், எவ்வளவு அரிய சாதனையானாலும் அதற்கான இடம் வேறு.

இந்த அளவுகோல் எளிமையாகத் தெரிந்தாலும் நடைமுறையில் எளிதில் வழுக்கிவிடுகிறது. குறிப்பை எழுதுபவர் பெரும்பாலும் மென்பொருளைச் செய்தவர்களில் ஒருவர். தாம் பட்ட பாட்டை வைத்தே அவர் மாற்றத்தின் முக்கியத்துவத்தை எடைபோடுவார். ஆறு மாதம் உழைத்து உள்கட்டமைப்பைத் திருத்தி எழுதியிருந்தால் அது முதல் வரியில் வந்துவிடும்; வெளியே எதுவும் மாறியிருக்காது. ஒரு இயல்நிலை அமைப்பை ஐந்து நிமிடத்தில் மாற்றியிருந்தால் அது விட்டுப்போகும். ஆனால் நூற்றுக்கணக்கான அலுவலகங்களில் அடுத்த நாள் ஏதோ ஒன்று ஓடாது. உலகெங்கும் பயன்படும் இலவசத் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் வந்த அதன் 15ஆம் பதிப்பில், புதிதாக உருவாக்கப்படும் தரவுத்தளங்களின் பொது இடத்தில் எந்தப் பயனரும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய சலுகை எடுக்கப்பட்டது. பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் அந்தச் சலுகையை நம்பி எழுதப்பட்ட நிறுவல் நிரல்கள் ‘அனுமதி இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் குறிப்பின் அமைப்பு இதற்காகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மாறுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய பொருந்தாமைகள் தனிப் பகுதியாக, புதிய வசதிகளின் விரிவான பட்டியலுக்கு முன்பே வந்துவிடும். இந்த உரிமை மாற்றமும் அந்தப் பகுதியில்தான் இடம்பெற்றது.

மின்வாரியம் நாளிதழில் தரும் மின்தடை அறிவிப்பை நினைத்துப் பார்க்கலாம். எந்தத் துணை மின்நிலையத்தில் எந்தக் கருவியை எப்படிப் பழுதுபார்க்கப் போகிறார்கள் என்று அதில் இருப்பதில்லை. எந்தெந்தப் பகுதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது மட்டும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ள அது போதும். மென்பொருளிலும் மூன்று கேள்விகள் இதே வேலையைச் செய்யும். முதலாவது, இதுவரை ஓடிக்கொண்டிருந்த ஏதாவது இனி வேறுமாதிரி நடக்குமா? இரண்டாவது, பயனர் தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டுமா? மூன்றாவது, இதைத் தெரிந்துகொண்டால் அவர் எடுக்கும் முடிவு, அதாவது வாங்குவது, தள்ளிப்போடுவது, விட்டுவிடுவது, மாறுமா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்ற விடை வந்தால் போதும்.

முதல் கேள்விக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். ஏனென்றால், தம் மென்பொருளின் எந்தெந்த இயல்பை மக்கள் நம்பியிருக்கிறார்கள் என்பது அதைச் செய்தவர்களுக்கே முழுதாகத் தெரிவதில்லை. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் ஒரு விதி இதைச் சொல்கிறது: பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குறுதி அளித்தது எதுவாக இருந்தாலும் சரி, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். பைத்தான் மொழியில் இது கண்கூடாக நடந்தது. அகராதி எனப்படும் தரவு அமைப்பில் இட்ட வரிசையிலேயே பொருள்கள் திரும்பக் கிடைக்கும் என்பது 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில், நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் முயற்சியின் பக்க விளைவாக வந்தது. வரிசை காக்கப்படுவது உள்செயல்பாட்டின் விவரம் மட்டுமே, அதை நம்ப வேண்டாம் என்று குறிப்பிலேயே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் 2018 ஜூனில் வந்த 3.7 பதிப்பில் அந்த வரிசையை மொழியின் அதிகாரபூர்வ வாக்குறுதியாகவே அறிவித்தார்கள். ‘இது மாறியிருக்கிறது, ஆனால் இதை நம்பாதீர்கள்’ என்று சொல்வதும் பயனரின் செயலை மாற்றக்கூடிய செய்திதான் என்பதற்கு அந்த எச்சரிக்கை நல்ல முன்மாதிரி.

மாற்றத்தைக் குறிப்பில் எழுதிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? லினக்ஸ் கணினிகளில் அடித்தளமாக இருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் 2.28 பதிப்பு 2018 ஆகஸ்ட் 1 அன்று வெளிவந்தது. எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதிகள் அதில் சர்வதேசத் தரத்துக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டன. குறிப்பிலும் அது இருந்தது, வரிசைப்படுத்தலில் கிடைத்த மேம்பாடாக. ஆனால் தரவுத்தளங்களுக்கு அது வேறொரு செய்தி. பழைய விதியின்படி ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வரும் இடத்தில், புதிய விதியின்படி ‘1-1’ முன்னால் வந்துவிடும். தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் என்பது முன்பே வரிசைப்படுத்தி வைத்த பட்டியல். பட்டியல் பழைய வரிசையில் இருக்க, தேடும் முறை புதிய வரிசையை எதிர்பார்த்தால், இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லிவிடும். ஒரே எண் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்ற கட்டுப்பாடும் ஓட்டையாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. 2019இல் வெளியான ரெட்ஹாட் 8, டெபியன் 10 ஆகியவற்றுக்கு மாறிய தரவுத்தள நிர்வாகிகளில் பலர் இந்தச் சிக்கலை எதிர்கொண்டார்கள். ஆக, என்ன மாறியது என்பது குறிப்பில் பாதிதான். அதனால் யாருக்கு என்ன ஆகும் என்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதி இல்லாத வரி, உண்மையாக இருந்தும் பயன்படாமல் போகிறது.

இரண்டாம் கேள்வியின் கனத்தைக் காட்ட 2022 ஜூன் 16 அன்று அவசரமாக வெளியான போஸ்ட்கிரெஸ் 14.4 பதிப்பு போதும். பயன்பாட்டை நிறுத்தாமலேயே இண்டெக்ஸ் உருவாக்கும் வசதியில், 14ஆம் பதிப்பின் தொடக்கத்திலிருந்தே ஒரு பிழை இருந்தது. அந்த இண்டெக்ஸ்கள் சத்தமின்றிச் சிதையக்கூடும். 14.4 அந்தப் பிழையைச் சரிசெய்தது. ஆனால் ஏற்கெனவே சிதைந்தவற்றைப் புதிய பதிப்பு தானாகச் சீராக்காது. அப்படி உருவாக்கிய இண்டெக்ஸ்களைப் பயனரே மீண்டும் கட்ட வேண்டும். குறிப்பு இதைத் தெளிவாகச் சொன்னது. ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால், நிறுவியவர் நிம்மதியாக இருந்திருப்பார். கெட்டுப்போன தரவும் அப்படியே இருந்திருக்கும்.

நடத்தை மாறவில்லை, வேகம் மட்டும் கூடியிருக்கிறது என்றால்? மென்பொருள் குழுக்களில் உண்மையான கருத்து வேறுபாடு எழுவது இந்த இடத்தில்தான். ‘நல்லது நடந்தால் பயனருக்குத் தானாகவே கிடைத்துவிடும்; அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை; பிறகு ஏன் சொல்ல வேண்டும்?’ என்பது ஒரு தரப்பு. ‘புதிய பதிப்புக்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கு வேகம்தான் முதல் காரணம், அதை மறைத்துவிட்டு வேறு எதைச் சொல்லப்போகிறீர்கள்?’ என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. எவருடைய பயன்பாட்டிலும் தனித்துத் தெரியாத நூறு சிறு வேகக்கூட்டல்களை வரிசையாக அடுக்கினால் படிப்பவர் களைத்துப்போவார். ஆனால் முன்பு மெதுவாக இருந்ததால் பயனர் சுற்றுவழியில் செய்துவந்த ஒன்று இனி நேர்வழியிலேயே முடியும் என்றால், அது அவர் செயலை மாற்றும் செய்தி. சில வேளைகளில் வேகக்கூட்டலே பொருந்தாமையாகவும் ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘வித்’ என்று தொடங்கும் துணை வினவல்கள் 12ஆம் பதிப்புக்கு முன்பு எப்போதும் தனியாக நிறைவேற்றப்பட்டன. இதை ஒரு வேலியாகவே பயன்படுத்தி, வினவல் ஓடும் விதத்தைப் பலர் கட்டுப்படுத்திவந்தார்கள். 2019 அக்டோபரில் வந்த 12ஆம் பதிப்பு, ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் எளிய துணை வினவல்களை முதன்மை வினவலோடு கலந்துவிட்டது. பெரும்பாலோருக்கு அது வேகம்; வேலி கட்டியிருந்தவர்களுக்கு வேலி போனது. பழையபடி வேண்டுமென்றால் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதையும் குறிப்பு சொன்னதால், சிக்கலும் அதற்கான தீர்வும் ஒரே இடத்தில் கிடைத்தன.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். தேர்ந்தெடுப்பதால்தானே இத்தனை வம்பு, எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எல்லாவற்றையும் எழுதிய பதிவு ஏற்கெனவே இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை நிரல்களின் மாற்றப் பதிவு தேதிவாரியாக வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான அந்த உள்ளீடுகளையே குறிப்பு என்று பயனரிடம் நீட்டினால், முக்கியமான ஒன்று அதற்குள் புதைந்துபோகும். எதையும் சொல்லாமல் இருப்பதற்கும் அதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இராது. டெபியன் லினக்ஸ் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறது. ஒவ்வொரு மென்பொருள் தொகுப்புக்கும் அங்கே முழு மாற்றப் பதிவு ஒன்று. அதிலிருந்து தனியே, பயனர் தெரிந்தாக வேண்டியவை மட்டும் அடங்கிய செய்திக் கோப்பு ஒன்று. மேம்படுத்தலுக்கு முன்பே அந்தச் செய்திகளைத் திரையில் காட்டும் கருவியும் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸும் ஓராண்டு உழைப்பின் ஆயிரக்கணக்கான மாற்றங்களை இருநூறை ஒட்டிய வரிகளாகச் சுருக்குகிறது. இப்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூல மாற்றத்துக்கு இட்டுச்செல்லும் இணைப்பையும் வைக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரு வரி, தோண்டிப் பார்ப்பவருக்கு முழு விவரம். செய்தவர்களின் பெயர்களும் அந்த வரிகளிலேயே இருப்பதால் உழைப்புக்கான அங்கீகாரமும் கெடுவதில்லை. ஆனால் அங்கீகாரம் தருவதற்காக ஒரு வரியைச் சேர்ப்பதும், பயனருக்குத் தேவை என்பதற்காகச் சேர்ப்பதும் வேறுவேறு முடிவுகள். முதலாவதை நன்றிப் பட்டியலில் செய்யலாம்.

அடுத்த மறுப்பு நாம் அடிக்கடி கேட்பது: இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? பெரும்பாலோர் படிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோரும் படிப்பதற்காக இது எழுதப்படுவதில்லை. அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவர், செய்தியாளர், ஆய்வாளர், தன் போனில் ஏதோ சரியில்லை என்று ஐயப்படும் ஒருவர் என்று சிலர் படித்தால், அவர்கள் வழியாக மற்றவர்களுக்கும் விஷயம் போய்ச்சேரும். 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்த சில வாரங்களில், ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன இருக்கிறது என்று விரிவாகச் சொல்லப்போவதில்லை என்ற நிலைப்பாட்டை மைக்ரோசாஃப்ட் எடுத்தது. அப்டேட்டுகளோ தாமாகவே நிறுவிக்கொள்பவை. நிறுவனங்களின் கணினிப் பொறுப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 2016 பிப்ரவரியில் அப்டேட்டுகளின் வரலாற்றை விவரிக்கும் பக்கத்தை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. படிப்பவர்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் ஆயிரம் கணினிகளுக்கு ஒருவர் பொறுப்பு என்றால், அந்த ஒருவர் படிப்பது ஆயிரம் பேருக்காக.

பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிச் சொன்னால் திருடனுக்கே வழிகாட்டியது போல் ஆகாதா என்ற மறுப்பு இவற்றைவிட வலுவானது. திருத்தம் தயாராகும் முன் வாயைத் திறப்பது நிச்சயமாகத் தவறு. திருத்தம் வெளியான பிறகு நிலைமை வேறு. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தே ஓட்டையைக் கண்டுபிடிக்கும் திறமை தாக்குபவர்களிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிட்டால், மறுநாளே அவற்றைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. குறிப்பில் மறைத்தால் அது அவர்களிடமிருந்து மறைவதில்லை. ‘இது அவசரமில்லை, அடுத்த வாரம் நிறுவலாம்’ என்று நினைக்கும் நேர்மையான பயனரிடமிருந்துதான் மறைகிறது. அதனால்தான் போஸ்ட்கிரெஸ் போன்ற திட்டங்கள் ஓட்டையின் பொதுப் பதிவு எண்ணைக் குறிப்பிலேயே தருகின்றன. எப்படித் தாக்கலாம் என்ற செய்முறையை விட்டுவிட்டு, எந்தப் பதிப்புகளுக்கு ஆபத்து, எவ்வளவு கடுமையானது என்பதை மட்டும் சொல்ல முடியும். சில விவரங்களைப் பிறகு சேர்க்க வேண்டியிருந்தால் சேர்த்த தேதியோடு சேர்க்கலாம். ஆப்பிளின் பாதுகாப்புக் குறிப்புகளில் இந்த வழக்கம் இருக்கிறது.

பதிப்பு என்ற ஒன்றே இப்போது கரைந்துவருகிறதே என்பது இன்னொரு மறுப்பு. இணையச் சேவைகள் ஒரே நாளில் பலமுறை மாறுகின்றன; பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு மாற்றத்தைக் காட்டிச் சோதிப்பதும் உண்டு; இதற்கெல்லாம் எங்கே குறிப்பு எழுதுவது? 2024 ஜூலை 19 அன்று இதற்கு ஒரு பதில் கிடைத்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன ஒரு தரவுக் கோப்பில் இருந்த கோளாறால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள். கோப்பு வெளியாகி 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டும் பலனில்லை. புதிய பதிப்பைச் சில காலம் தள்ளிவைத்து, ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று எச்சரிக்கையாக அமைத்திருந்த நிறுவனங்களும் விழுந்தன. ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடு மென்பொருளின் பதிப்புகளுக்கு மட்டும்தான். இத்தகைய விரைவுத் தரவுக் கோப்புகள் அதன் எல்லைக்குள் வரவில்லை. இனி அந்தக் கோப்புகள் எப்போது, எங்கே போகலாம் என்பதில் வாடிக்கையாளர்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தருவதாகவும், அவற்றின் விவரங்களை வெளியீட்டுக் குறிப்புகளாகத் தருவதாகவும் விபத்துக்குப் பிந்தைய அறிக்கையில் அந்நிறுவனம் உறுதியளித்தது. ‘இது பதிப்பு அல்ல, வெறும் தரவு’ என்ற பாகுபாடு செய்தவர்களின் வசதிக்கானது. கணினி நின்றுபோனவருக்கு அந்தப் பாகுபாட்டால் ஆகப்போவது எதுவுமில்லை.

கடைசியாக, பயனருக்கு உள்ளே நடப்பது எதற்கு, அளவுக்கு மீறிச் சொன்னால் குழப்பம்தானே என்ற வாதம். பொதுவாக இது சரியான வாதமே. மேலே சொன்ன மூன்று கேள்விகளும் இதை ஏற்றுக்கொண்டவைதான். ஆனால் இதைத் தவறான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு போயிங் 737 மேக்ஸ் விமானம் கொடிய சான்று. எம்கேஸ் என்ற மென்பொருள், விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்குவதாக உணர்ந்தால் தானாகவே அதைக் கீழே தள்ளும். முதல் வடிவமைப்பில் வால் பகுதியின் கிடைத்தளத்தை ஒரு தடவைக்கு 0.6 பாகை மட்டும் நகர்த்தும் அதிகாரம் அதற்கு இருந்தது. பின்னர் குறைந்த வேகத்திலும் இயங்கும்படி மாற்றப்பட்டு, அது 2.5 பாகையாக உயர்ந்தது. விமானிகளின் கையேட்டில் எம்கேஸின் செயல்பாடு விளக்கப்படவில்லை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அந்தப் பெயர் விமான நிறுவனங்களுக்கு முறையாகச் சொல்லப்பட்டது அதன் பிறகுதான். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு உணரியை நம்பிய வடிவமைப்பு உட்பட இந்த விபத்துகளுக்குக் காரணங்கள் பல. கையேட்டில் விட்டுப்போனது மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆனால் மூக்கு ஏன் தானாகக் கீழே போகிறது என்று சில நிமிடங்களுக்குள் புரிந்துகொள்ள வேண்டியிருந்த லயன் ஏர் விமானிகளுக்கு, அப்படி ஒன்று விமானத்தில் இருப்பதே சொல்லப்பட்டிருக்கவில்லை. பயனரின் கையிலிருந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும் எந்த மாற்றமும் ‘உள்விவரம்’ ஆக முடியாது.

சட்டமும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/770 எண்ணுள்ள நெறிமுறை, 2022 ஜனவரி 1 முதல் உறுப்பு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து வழங்கப்படும் டிஜிட்டல் சேவையில் மாற்றம் செய்தால், நுகர்வோருக்குத் தெளிவாகப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. அந்த மாற்றம் நுகர்வோரின் பயன்பாட்டைச் சிறிதளவுக்கு மேல் பாதிக்குமானால், நியாயமான கால அவகாசத்துடன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் ஒப்பந்தத்தைக் கட்டணமின்றி முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. எத்தனை வரி நிரல் மாறியது என்று சட்டம் கேட்கவில்லை. பாதிப்பு யாருக்கு, எவ்வளவு என்று கேட்கிறது. மேலே வகுத்த அளவுகோலும் இதே திசையில் நிற்பது தற்செயல் இல்லை. இரண்டும் பொருளைச் செய்தவரின் இடத்திலிருந்து பார்க்காமல் பயன்படுத்துபவரின் இடத்திலிருந்து பார்க்கின்றன.

அப்படிப் பார்ப்பது ஒருவரால் மட்டும் முடிகிற காரியமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் புரூஸ் மோம்ஜியன் நீண்ட காலமாகப் பெரும்பதிப்புகளின் குறிப்புக்கு முதல் வரைவு எழுதிவருகிறார். பதிப்பு வெளியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது பொதுவெளிக்கு வந்துவிடும். ‘இதைச் சேருங்கள்’, ‘இது தேவையில்லை’, ‘இதன் விளைவு நீங்கள் எழுதியது போல் இல்லை’ என்று மற்றவர்கள் வாதாடித் திருத்துவார்கள். இந்த வாதத்துக்குச் செலவாகும் நேரம் வீண் அல்ல. ஒரு மாற்றத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுத உட்காரும்போதுதான், அதை யாரும் முழுதாக யோசிக்கவில்லை என்பது பல சமயம் தெரியவருகிறது. அந்த வரி குறிப்புக்கு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அதை எழுத முடிகிறதா என்பது அதற்கு முந்தைய சோதனை. எழுத முடியவில்லை என்றால் மாற்றத்தை வெளியிட அவசரப்பட வேண்டியதில்லை. எழுத முடிந்தும் பயனர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று தோன்றினால், அந்த வரியைத்தான் முதலில் வைக்க வேண்டும்.